75 சென்ட் சந்தேகம்: சைபர் செக்யூரிட்டி அனலிஸ்ட் வேலை ஒரு பாடமாக மாறிய கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஒருசில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

கொஞ்ச நாளா நம்ம இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி வேற வேற உருவத்துல வந்துட்டே இருக்கு. "சைபர் செக்யூரிட்டி அனலிஸ்ட் சர்டிஃபிகேஷனுக்கு ஆன்லைன்ல லைவ் கிளாஸ் எடுக்கறாங்க. ஃபீஸ் ஜாஸ்தி. சேரலாமா? இல்ல, ரெக்கார்டிங் பாத்தே படிச்சுக்கலாமா?"

இது வரலாறு பேசற நிகழ்ச்சி, கரியர் கவுன்சலிங் இல்ல. ஆனா அந்தக் கேள்விக்குள்ள ஒரு நல்ல வரலாறு ஒளிஞ்சிருக்கு. 40 வருஷத்துக்கு முன்னாடி இந்த வேலைக்கு ஒரு பேர்கூடக் கிடையாது. சிலபஸ் கிடையாது, பரீட்சை கிடையாது, வாத்தியார் கிடையாது. பிறகு எப்படி இது ஒரு பாடமாச்சு? பாடமானப்போ எது உள்ளே வந்தது, எது வெளியே நின்னுபோச்சு? இது தெரிஞ்சா, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கணக்கு இடிக்கிறது

1986 ஆகஸ்ட். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். அங்கே கிளிஃப் ஸ்டால் என்ற வானியலாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தொலைநோக்கி வேலைக்கான நிதி தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பாமல், ஆய்வகத்தின் கம்ப்யூட்டர் மையத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதுசா வந்த ஆளுக்குக் கொடுக்கிற வேலை எப்படி இருக்கும்? யாரும் தொட விரும்பாத ஒரு சின்ன வேலை.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிற நேரத்துக்குக் காசு. ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் மாதாமாதம் பில் போகும். அந்த மாதம் இரண்டு கணக்குப் புரோகிராம்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சில ஆயிரம் டாலர் பில்லில் வித்தியாசம் 75 சென்ட். ஒரு டாலர்கூட இல்லை.

நம்மில் பலர் என்ன செய்வோம்? ரவுண்டிங் எரர்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். ஸ்டால் போகவில்லை. வானியல் படித்த ஆள் இல்லையா? எதிர்பார்த்த இடத்திலிருந்து ஒரு புள்ளி கொஞ்சம் விலகினால் அதற்குக் காரணம் இருக்கும் என்று பழகின மனசு. தோண்டிப் பார்த்தால், பில் அனுப்ப முகவரியே இல்லாத ஒரு பயனர் கணக்கு உள்ளே இருந்தது. பேர் ஹன்டர். யாரோ ஒருவர் அந்த கம்ப்யூட்டரின் முழு நிர்வாக அதிகாரத்தையும் கைப்பற்றி, தனக்கென்று ஒரு கணக்கை உருவாக்கியிருந்தார்.

அடுத்த நடவடிக்கை இன்னும் சுவாரஸ்யம். அவர் கதவை மூடவில்லை. ஒரு வார இறுதியில் ஆய்வகம் முழுக்கச் சுற்றி, பிரின்டர்களையும் டெர்மினல்களையும் இரவல் வாங்கிவந்து, வெளியிலிருந்து வருகிற சுமார் 50 தொலைபேசி இணைப்புகளில் மாட்டினார். வந்தவர் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் பேப்பரில் அச்சாகும். ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டார். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். நேரம், நடந்தது, தன் சந்தேகம், யாரிடம் பேசினார், அவர் என்ன சொன்னார் எல்லாம் அதில் ஏறும். எழுதாதது நடக்காததற்குச் சமம் என்பது அவருடைய விஞ்ஞானிப் பழக்கம்.

அந்தப் பேப்பர் சுருள்கள் பயங்கரமான ஒரு விஷயத்தைக் காட்டின. வந்த ஆளுக்கு பெர்க்லி ஒரு வழிப்போக்குச் சத்திரம் மட்டும்தான். அங்கிருந்து அமெரிக்க ராணுவத்தின் கம்ப்யூட்டர்களுக்குத் தாவி, ராணுவத் திட்டங்கள் சம்பந்தப்பட்ட சொற்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

இப்போ யாரிடமாவது சொல்லணும். கஷ்டமே இங்கதான். ஸ்டால் எஃப்.பி.ஐ.யைக் கூப்பிட்டார். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டார்கள். 75 சென்ட். அவ்வளவுதான், ஆர்வம் போய்விட்டது. சி.ஐ.ஏ., என்.எஸ்.ஏ., விமானப்படை என்று ஒவ்வொரு இடமாகப் பேசினார். எல்லாரும் தகவலைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் இது எங்கள் பொறுப்பு என்று யாரும் முன்வரவில்லை.

கடைசியில் வழி மேற்கு ஜெர்மனியின் ஹன்னோவர் நகரத்துக்குப் போனது. அங்கிருந்த பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் அழைப்பைத் தடம்பிடிக்க நேரம் வேண்டும், வந்தவர் ரொம்ப நேரம் இணைப்பில் இருக்கணும். அதற்காக ஸ்டால் ஏவுகணைப் பாதுகாப்புத் திட்டம் பற்றிய போலி ஆவணங்களைக் கட்டுக்கட்டாகத் தயாரித்து உள்ளே வைத்தார். மீன் தூண்டிலில் மாட்டியது. மார்க்கஸ் ஹெஸ் என்பவர் பிடிபட்டார். திருடிய தகவல்கள் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்கு விற்கப்பட்டிருந்தன. 1990இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

ஸ்டால் 1989இல் எழுதிய 'தி குக்கூஸ் எக்' என்ற புத்தகம் இன்றைக்கும் இந்தத் துறைக்கு வருகிறவர்களிடம் முதலில் படி என்று கொடுக்கிற புத்தகம். அதை ஒரு துப்பறியும் கதையாகப் படிக்கலாம். நான் அதில் மூன்று பழக்கங்களைப் பார்க்கிறேன். சின்ன இடறலைக் கவனிக்கிறது. கவனிச்சதை எழுதி வைக்கிறது. எழுதினதை, நடவடிக்கை எடுக்கக்கூடிய ஆளிடம் புரியவைக்கிறது. இந்த மூன்றும்தான் அனலிஸ்ட் வேலை. இனிமேல் வருகிற வரலாறு முழுக்க, இந்தப் பழக்கங்களை ஆயிரக்கணக்கான பேருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்கிற போராட்டம்தான்.

கூப்பிட ஒரு நம்பர் இல்லாத ராத்திரி

1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ், தானாகப் பரவுகிற ஒரு புரோகிராமை இணையத்தில் விட்டார். எங்கிருந்து வந்தது என்று தெரியாமலிருக்க, எம்.ஐ.டி.யின் கம்ப்யூட்டர் வழியாக விட்டார். ஒரு கம்ப்யூட்டரில் ஏற்கனவே நுழைந்திருந்தால் மறுபடி நுழைய வேண்டாம்தானே? ஆனால் ஏமாற்றுப் பதில் வந்துவிடுமோ என்று, ஏழு தடவைக்கு ஒரு தடவை எப்படியும் நுழை என்று எழுதிவைத்திருந்தார். அந்த விகிதம் ரொம்பவே அதிகம். ஒரே மெஷினில் மறுபடி மறுபடி ஏறி, மெஷின்கள் மூச்சுத்திணறி நின்றுபோயின.

அன்றைக்கு இணையத்தில் இருந்த கம்ப்யூட்டர்கள் சுமார் 60,000. பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 என்பது அப்போது போட்ட உத்தேசக் கணக்கு.

பெர்க்லியிலும் எம்.ஐ.டி.யிலும் இருந்த புரோகிராமர்கள் தூங்காமல் உட்கார்ந்து அந்த வார்மைப் பிரித்துப் பார்த்து மருந்து கண்டுபிடித்தார்கள். மருந்து இருக்கு, ஆனா எப்படி அனுப்பறது? எல்லாரும் பயந்து நெட்வொர்க்கைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். மெயில் போகவில்லை. மாரிஸின் நண்பர் ஒருவர் பெயர் போடாமல் அனுப்பிய எச்சரிக்கைகூட நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

பெர்க்லியில் பார்த்த அதே பிரச்சினை. கண்டுபிடித்தவருக்குச் சொல்ல ஆள் இல்லை. அதே மாதத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்பா, பிட்ஸ்பர்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் ஒரு குழுவை அமைத்தது. அதுதான் செர்ட். எந்த நேரமும் கூப்பிடலாம் என்கிற ஒரு தொலைபேசி எண், அந்தப் பக்கம் விஷயம் புரிந்த ஒரு மனுஷன். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒன்றை அமைத்துக்கொண்டது. நம்ம இந்தியாவின் செர்ட்-இன் செயல்பட ஆரம்பித்தது 2004இல்.

போன் நம்பர் வந்துவிட்டது. இப்போ போனை எடுக்கிறதுக்கு ஆட்கள் வேணும். கம்பெனிகளுக்கும் ஆட்கள் வேணும். யாரை வேலைக்கு எடுக்கிறது? நல்லா தெரியும்னு சொல்றவருக்கு நிஜமாவே தெரியுமான்னு எப்படிப் பார்க்கிறது?

லோயர், ஹையர் மாதிரி ஒரு பரீட்சை?

இங்கே உங்க அப்பா அம்மா தலைமுறையை நினைச்சுப் பாருங்க. தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வு. அந்தச் சான்றிதழுக்கு ஏன் மரியாதை இருந்தது? பரீட்சையும் வேலையும் ஒன்றேதான். மெஷின் முன்னாடி உட்காரணும், கொடுத்த நேரத்துக்குள்ள அடிக்கணும், தப்பை எண்ணுவாங்க. தெரியாமல் பாஸ் பண்ணவே முடியாது.

செக்யூரிட்டியில் அப்படி ஒரு பரீட்சை வைப்பது கஷ்டம். சின்ன இடறலைச் சந்தேகப்படுகிற குணத்தை மூன்று மணி நேரத்தில் எப்படி அளப்பது?

1989இல் சில அமைப்புகள் சேர்ந்து, ஐ.எஸ்.சி. ஸ்கொயர்ட் என்று நாம் அறிகிற கூட்டமைப்பை ஆரம்பித்தன. 1994இல் அவர்களுடைய சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழ் வந்தது. இன்றைக்கும் அந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ணினால் மட்டும் சான்றிதழ் கிடைக்காது. பொதுவாக 5 வருட வேலை அனுபவம் வேண்டும், ஏற்கனவே சான்றிதழ் வைத்திருப்பவர் ஒருவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். பரீட்சை மட்டும் போதாது என்று பரீட்சை வைக்கிறவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்.

அதே 1989இல் தொடங்கிய இன்னொரு அமைப்பு ஸான்ஸ். வாய்ப்பு என்கிற சான்ஸ் இல்லை. சிஸ்டம் நிர்வாகம், ஆடிட், நெட்வொர்க், செக்யூரிட்டி என்ற நான்கும் சேர்ந்த பேர். பயிற்சி வகுப்புகள்தான் அவர்கள் தொழில். 1999இல் ஜி.ஐ.ஏ.சி. என்ற பெயரில் சான்றிதழ்களும் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. மாணவர் ஒரு விஷயத்தை எடுத்து ஆராய்ந்து, தன் கையால் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். ஸ்டாலின் நோட்டுப் புத்தகம் இங்கே ஒரு தேர்வு முறையாக மாறியிருந்தது என்று சொல்லலாம்.

2005இல் அந்த முறை மாறியது. பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற பரீட்சை மட்டும் எழுதினால் வெள்ளி. அதோடு கட்டுரையும் எழுதினால் தங்கம். கட்டுரை கட்டாயம் என்ற இடத்திலிருந்து விருப்பம் என்ற இடத்துக்குப் போனது. எனக்கு இந்த வரலாற்றில் ரொம்ப முக்கியமான திருப்பம் இது. ஒரு கட்டுரையைத் திருத்த விஷயம் தெரிந்த மனுஷன் பல மணி நேரம் உட்காரணும். கொள்குறி வினாத்தாளைத் திருத்த மெஷின் போதும். ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர் என்று கூட்டம் வரும்போது எது நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சான்றிதழ் வாசலாக மாறுகிறது

கூட்டம் எங்கிருந்து வந்தது? பெரிய காரணம் ஓர் அரசாங்க உத்தரவு. 2004இல் அமெரிக்கப் பாதுகாப்புத்துறை 8570 என்ற எண்ணுள்ள ஆணையையும், 2005 டிசம்பரில் அதற்கான கையேட்டையும் வெளியிட்டது. பாதுகாப்புத்துறையின் கம்ப்யூட்டர்களில் தகவல் பாதுகாப்பு வேலை பார்க்கிற எல்லாரும், ராணுவத்தினரோ ஒப்பந்தக்காரரோ, அவரவர் வேலைக்கு ஏற்ற சான்றிதழைக் கட்டாயம் வாங்கியிருக்க வேண்டும். எந்த வேலைக்கு எது என்று பட்டியலே இருந்தது.

நோக்கம் நியாயமானது. ஆனால் விளைவைப் பாருங்க. சான்றிதழ் இல்லைன்னா வேலை இல்லைன்னு ஆனதும், அது திறமையைக் காட்டற அடையாளம் என்பதோடு உள்ளே போகிற டிக்கெட்டாவும் மாறிடுச்சு. டிக்கெட் வாங்க அவசரப்படுகிறவர்களுக்காக நாலைந்து நாளில் எல்லாத்தையும் தலையில் ஏற்றுகிற 'பூட் கேம்ப்' வகுப்புகள் பெருகின. பழைய கேள்விகளைத் திருடி விற்கிற 'டம்ப்' வியாபாரமும் கூடவே வந்தது. அதைப் பார்த்து கம்பெனிகளின் எச்.ஆர். பிரிவுகளும் ரெஸ்யூமேயை வடிகட்ட அதே பெயர்களைப் பயன்படுத்த ஆரம்பித்தன. இன்றைக்கு சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு வேலை விளம்பரத்தில் ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் வரிசையாக நிற்பதன் பின்னால் இந்தச் சங்கிலியும் இருக்கிறது.

பெங்களூரிலிருந்து போன ஒரு அலர்ட்

இனி 2013 நவம்பர். அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட். தாங்க்ஸ்கிவிங் விற்பனைக் காலம். நம்ம ஊர் தீபாவளி கூட்டம் மாதிரி. ஏர் கண்டிஷனிங் வேலை பார்த்த ஒரு வெளி ஒப்பந்ததாரரின் லாகின் விவரங்களைத் திருடி, அதன் வழியாகத் திருடர்கள் உள்ளே வந்தார்கள். பில் போடும் கவுன்ட்டர்களில், கார்டைத் தேய்க்கும்போது எண்ணைப் பிடிக்கிற மால்வேரை வைத்தார்கள்.

பாதுகாப்பு இல்லாமல் இல்லை. ஃபயர்ஐ என்ற கண்காணிப்புக் கருவியை 16 லட்சம் டாலர் செலவில் சில மாதங்களுக்கு முன்தான் வாங்கியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்க பெங்களூரில் ஒரு குழு. அமெரிக்கத் தலைமையகமான மினியாபொலிஸில் எஸ்.ஓ.சி., அதாவது செக்யூரிட்டி கண்காணிப்பு மையம்.

2014 மார்ச்சில் ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் இதழ் வெளியிட்ட விவரப்படி, நவம்பர் 30 அன்று கருவி எச்சரித்தது. பெங்களூர் குழு அதைப் பார்த்தது. மினியாபொலிஸுக்குத் தகவல் சொன்னது. டிசம்பர் 2 அன்று மறுபடி எச்சரிக்கை. ஒன்றும் நடக்கவில்லை. அந்த அலர்ட்டின் பெயர்கூடப் பொதுவானது, 'மால்வேர் டாட் பைனரி' என்கிற மாதிரி. தினமும் குவிகிற அலர்ட்களோடு அதுவும் ஒன்று. தங்கள் குழு அதை மதிப்பிட்டுப் பார்த்து, உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று முடிவு செய்ததாக டார்கெட் பின்னர் சொன்னது. டிசம்பர் 12 அன்று அமெரிக்க நீதித்துறை வந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெடித்தது.

சுமார் 4 கோடி கார்டு எண்கள் போயின. 7 கோடி பேர் வரைக்கும் பெயர், முகவரி, போன் எண் போன்ற விவரங்கள் போயின. 2014 மே மாதம் தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2017இல் 47 மாநிலங்களோடு செய்த சமரசத்தில் மட்டும் 1.85 கோடி டாலர் கட்டினார்கள்.

நான் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப நிற்கிற இடம் அந்த பெங்களூர் அறை. கருவி தன் வேலையைச் செய்தது. பார்த்தவர்கள் பார்த்தார்கள், சொல்லவும் சொன்னார்கள். ஸ்டாலின் மூன்று பழக்கங்களில் முதல் இரண்டும் நடந்துவிட்டன. மூன்றாவது பாதி வழியில் நின்றது. கேட்கிறவருக்கு இது ஏன் அவசரம் என்று புரியவைக்கிற அந்தக் கடைசி அடி விழவில்லை. அது எந்தப் பக்கத்துத் தவறு என்று இங்கிருந்து தீர்ப்பு சொல்ல நான் விரும்பவில்லை. ஆனா நீங்க ஒருநாள் இந்த வேலைக்குப் போனா, பெரும்பாலும் அந்த அறை மாதிரி ஒரு அறையிலதான் உட்காருவீங்க. நைட் ஷிஃப்ட்ல, வேற ஒரு நாட்டுல தூங்கற ஒருத்தரை எழுப்பலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கணும். உங்க கையில இருக்கிற சான்றிதழ் அந்த நிமிஷத்துக்கு உங்களைத் தயார் பண்ணுச்சா என்கிறதுதான் கேள்வி.

பரீட்சை மெதுவாகக் கற்றுக்கொள்கிறது

காம்ப்டியா என்ற அமைப்பு 2002இல் செக்யூரிட்டி ப்ளஸ் என்ற ஆரம்பநிலைப் பரீட்சையைக் கொண்டுவந்தது. 2017இல் அனலிஸ்ட்களுக்கென்று தனியாக ஒன்று. முதலில் அதன் பெயர் சி.எஸ்.ஏ. ப்ளஸ், இப்போது சைசா ப்ளஸ். உங்களில் நிறையப் பேர் கேட்கிறது இதற்கான வகுப்பைத்தான்.

2023 ஜூனில் வந்த பதிப்பைப் பாருங்க. 165 நிமிடம், அதிகபட்சம் 85 கேள்விகள். 100இலிருந்து 900 வரையுள்ள அளவுகோலில் 750 எடுக்கணும். சில கேள்விகள் விடையைத் தேர்ந்தெடுப்பவை. சில செய்துகாட்ட வேண்டியவை: ஒரு லாக் கொடுப்பார்கள், ஸ்கேன் ரிப்போர்ட் கொடுப்பார்கள், அதைப் படித்து என்ன செய்வது என்று நீங்கள் முடிவெடுக்கணும். டைப்ரைட்டிங் பரீட்சை பக்கம் ஒரு அடி நகர்ந்திருக்கிறார்கள்.

பாடத்திட்டம் நான்கு பகுதி. செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் 33 சதவீதம், பலவீனங்களைக் கண்டு கையாள்வது 30, தாக்குதல் நடந்தால் எதிர்கொள்வது 20. நான்காவதைக் கவனிங்க. ரிப்போர்ட் எழுதுவதும் தகவல் சொல்வதும், 17 சதவீதம். இதற்கு முந்தைய பதிப்பில் இப்படி ஒரு தனிப் பகுதியே கிடையாது. ஸ்டால் 1986இல் திண்டாடிய விஷயம், பெங்களூரிலிருந்து போய் நின்றுபோன விஷயம், சிலபஸில் தனக்கென்று ஒரு வரி வாங்க இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னொரு விவரமும் அதே சிலபஸ் ஆவணத்தில் இருக்கிறது. இந்தப் பரீட்சைக்கு 4 வருட நேரடி அனுபவம் பரிந்துரைக்கப்படுகிறது. கட்டாயம் இல்லை, பரிந்துரைதான். ஆனால் 'ஜீரோவிலிருந்து அனலிஸ்ட் ஆகலாம், எட்டே வாரத்தில்' என்று விளம்பரம் பார்த்தால், இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

தபாலில் வந்த வாத்தியார்

சரி, வகுப்பு விஷயத்துக்கு வருவோம். தூரத்தில் இருக்கிற வாத்தியார் என்பது ஜூம் காலத்துச் சமாச்சாரம் இல்லை. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு எங்கே வேண்டுமானாலும் கடிதம் அனுப்பலாம் என்ற தபால் முறை வந்தது. அதைப் பயன்படுத்தி ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடம் நடத்தினார். ஆமா, நம்ம ஊர் இன்ஸ்டிடியூட்களில் சொல்லிக்கொடுத்த அதே பிட்மன் ஷார்ட்ஹேண்ட். மாணவர்கள் பைபிள் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார்.

அந்தத் திரும்பி வருகிற கடிதம்தான் பாடம். அது இல்லைன்னா பிட்மன் ஒரு புத்தகம் விற்றார், அவ்வளவுதான். தொலைதூரக் கல்வியின் வரலாற்றை ஒரே கேள்வியில் அளக்கலாம்: நான் செஞ்சதை யாராவது பாக்கறாங்களா?

2020இல் கொரோனா வந்ததும் ஓட்டல் அரங்குகளில் நடந்த பயிற்சிகள் ஒட்டுமொத்தமாக ஆன்லைனுக்கு வந்தன. பரீட்சைகூட வீட்டிலிருந்தே எழுதலாம் என்று ஆனது. அந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு வேடிக்கையும் வேதனையும் கலந்த சம்பவம். உலகத்துக்கே செக்யூரிட்டி சொல்லிக்கொடுக்கிற ஸான்ஸ் அமைப்பிலேயே ஒரு ஊழியர் போனஸ் விவரம் மாதிரி வந்த போலி மெயிலில் மாட்டிக்கொண்டார். அவருடைய இன்பாக்ஸிலிருந்து 513 மெயில்கள் தானாக வெளியே போயிருந்தன. அவற்றில் சுமார் 28,000 பேருடைய தனிப்பட்ட விவரங்கள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வழக்கமாகச் செய்கிற மெயில் அமைப்புச் சோதனையில், இருக்கக்கூடாத ஒரு ஃபார்வர்டிங் விதி ஒருவர் கண்ணில் பட்டது. மறுபடியும் அதே 75 சென்ட் கதைதான். அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. நடந்ததை வெளியே சொன்னார்கள், தாக்குதலின் தடயங்களை வெளியிட்டார்கள், தங்கள் சொந்தத் தவறையே மற்றவர்களுக்குப் பாடமாக்கினார்கள்.

அப்போ சேரலாமா?

ஒரு நல்ல லைவ் கிளாஸ் எப்படி இருக்கும்னு சொல்றேன். திரையில் ஒரு லாக் இருக்கிறது. ஒரே பயனர் ராத்திரி 2 மணிக்கு சென்னையிலிருந்து லாகின், 20 நிமிடம் கழித்து ஐரோப்பாவிலிருந்து லாகின். நீங்கள் 'அக்கவுன்ட் திருடுபோயிடுச்சு' என்கிறீர்கள். நல்ல வாத்தியார் விட மாட்டார். "வேற என்னவா இருக்கலாம்? வி.பி.என். ஆ இருந்தா? அதை எப்படிச் சரிபார்ப்பே? சரிபாக்கறதுக்குள்ள அக்கவுன்ட்டை முடக்குவியா, மாட்டியா? முடக்கினா யாருக்கு என்ன நிக்கும்? மேலதிகாரிக்கு நாலு வரில மெயில் எழுது பாப்போம்." அந்த நாலு வரியை அவர் படித்து, "இதுல அவசரம் எங்க தெரியுது?" என்று கேட்கிறார் பாருங்க, அந்தக் கேள்வி எந்த ரெக்கார்டிங்கிலும் கிடைக்காது.

மாறாக, வாத்தியார் மூன்று மணி நேரம் ஸ்லைடு வாசிக்கிறார், சாட்டில் வருகிற கேள்விக்குக் கடைசியில் பார்ப்போம் என்கிறார் என்றால், அது நேரலை என்று பெயர் வைத்த வீடியோதான். அதற்கு அவ்வளவு பணம் கொடுக்கத் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கிற பாடங்களே போதும், கூட ஒரு நண்பர் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது.

அதனால ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க. ஒரு பேட்ச்ல எத்தனை பேர்? லேப்ல நான் செய்யறதை வாத்தியார் பார்த்துத் திருத்துவாரா? ரிப்போர்ட் எழுத வைப்பீங்களா? மூணாவது கேள்விக்கு அவங்க தடுமாறினா, யோசிங்க. வேலைக்கு உத்தரவாதம் என்ற வாக்குறுதியைவிட இந்த மூணு பதிலும் முக்கியம்.

சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசலில் டிக்கெட் கேட்கிறார்கள், உண்மைதான். குடும்பத்தில் முதல் ஆளாக இந்தத் துறைக்கு வருகிறவருக்கு, சிபாரிசு செய்ய ஆள் இல்லாதவருக்கு, அந்தத் தாள் ஒரு பெரிய உதவி. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: குறிப்பிட்ட வகைத் தாக்குதல்கள் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆறு மணி நேரம். அதற்குள் ஒருவர் கவனிக்கணும், எழுதணும், மேலே புரியவைக்கணும். அங்கே டம்ப் படித்துப் பாஸ் பண்ணினவருக்கும், திட்டு வாங்கித் திருத்தி எழுதிப் பழகினவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். அந்த வித்தியாசத்தில் மாட்டப்போவது யாரோ ஒருவருடைய கார்டு எண், யாரோ ஒருவருடைய மருத்துவ ரிப்போர்ட்.

ஏற்கனவே இந்த மாதிரி வகுப்புல படிச்சவங்க, உங்க வாத்தியார் கேட்ட மறக்க முடியாத ஒரு கேள்வியை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. நல்லதா நாலு வந்தா அடுத்த எபிசோட் ஆரம்பத்துல வாசிக்கிறேன். அடுத்த வாரம் பாஸ்வேர்டோட வரலாறு. அதுவரைக்கும், கணக்குல சில்லறை இடிச்சா ரவுண்டிங்னு விட்டுடாதீங்க.